கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் சிடி ஸ்கேன்: சீட்டு கைக்கு வந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை

"கான்ட்ராஸ்ட் போட்டு ஒரு சிடி எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் பலர் நேராக ஸ்கேன் சென்டருக்கு வந்து நிற்கிறார்கள். கான்ட்ராஸ்ட் என்பது ரத்தக்குழாயும் உள்ளுறுப்பும் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் மருந்து. அங்கே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பார்கள், சாப்பிட்டீர்களா என்பார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பார்கள். ஏதாவது ஒன்று குறைந்தாலும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். வெளியூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த பெரியவர்கள் இப்படித் திரும்பிப் போவதை சிடி அறையில் வேலை பார்க்கிற நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எதை எப்போது செய்வது என்ற வரிசை தெரிந்தால் இந்த அலைச்சல் இருக்காது. அந்த வரிசைதான் ஊசியின் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது. அதிக நேரம் பிடிக்கிற வேலையை முதலில் முடிக்க வேண்டும். அலர்ஜிக்கான முன்மருந்து 13 மணி நேரம் கேட்கும். ரத்தப் பரிசோதனை சில மணி நேரம் கேட்கும். நகையைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் நாள் குறித்துப் போய் எடுக்கிற ஸ்கேனுக்கு. விபத்து, பக்கவாதம், உள்ளே ரத்தக்கசிவு போன்ற அவசரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டுக்குக் காத்திராமலேயே ஊசி போட்டு எடுப்பார்கள். காத்திருப்பதால் வரும் ஆபத்து அப்போது ஊசியின் ஆபத்தைவிடப் பெரிது.

1. சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்

சாதாரண எக்ஸ்ரேவுக்கு எந்த முன்னேற்பாடும் வேண்டாம். 'பிளெயின்' என்று எழுதியிருந்தால் அது ஊசி இல்லாத சிடி. 'கான்ட்ராஸ்ட்', 'சிஇசிடி', 'ஆஞ்சியோ', 'டிரிபிள் ஃபேஸ்' என்று இருந்தால்தான் கையில் ஊசி ஏறும்.

சிறுநீரகக் கல்லுக்கு எழுதும் 'சிடி கேயுபி' பெரும்பாலும் ஊசி இல்லாமல் எடுப்பது. கல் படத்தில் வெள்ளையாகத் தெரியும். சிறுநீர்க்குழாயில் இறங்கும் கான்ட்ராஸ்ட் மருந்தும் வெள்ளையாகத்தான் தெரியும். இரண்டும் கலந்தால் சின்னக் கல் மறைந்துபோகும். "ஊசி போட்டு எடுத்தாதானே நல்லாத் தெரியும், எங்களுக்கும் போட்டு எடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியில்லை. எந்த நோயைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஊசி.

எம்ஆர்ஐக்குப் போடுவது கடோலினியம் கலந்த வேறு மருந்து. உணவுக்குழாய், குடலுக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் இன்னொன்று. சிடியில் ரத்தக்குழாய்க்குள் போடுவது அயோடின் கலந்த மருந்து. "முன்னாடி எம்ஆர்ஐக்கு ஊசி போட்டாங்க, ஒண்ணும் ஆகலை" என்பது சிடி ஊசிக்கு உத்தரவாதம் ஆகாது. எம்ஆர்ஐ ஊசிக்கு உடம்பில் தடித்தது என்பதும் சிடி ஊசிக்குத் தடை ஆகாது. ஆனாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

2. பழைய பிலிம், குறுந்தகடு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேடி எடுங்கள்

இதை இரண்டாவதாக வைக்கக் காரணம் உண்டு. போன மாதம் இன்னொரு ஊரில் இதே ஸ்கேன் எடுத்திருந்தால் இப்போது எடுக்கவே வேண்டியிருக்காது. ஈரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது என்றால், இரண்டு வருடம் முன்பும் அது அதே அளவில் இருந்தது என்று பழைய படம் காட்டிவிட்டால் நிம்மதியாகப் போகலாம். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. படம் பார்ப்பவருக்குப் படம் வேண்டும்.

கதிர்வீச்சைக் குறைக்கவும் இதுவே நல்ல வழி. உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது சுமார் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சிடியில் தோராயமாக 8 முதல் 10 மில்லிசீவர்ட். மண், காற்று, வானத்திலிருந்து இயற்கையாகவே நமக்கு வருடத்துக்குக் கிடைப்பது உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி போன்ற, இயற்கையாகவே கதிர்வீசும் மோனசைட் மணல் கரைகளில் அது இன்னும் கூடுதல். ஆக, தேவையான ஒரு சிடிக்குப் பயப்பட வேண்டாம். தேவையில்லாத இரண்டாவது சிடியைத் தவிருங்கள். குழந்தைகளுக்கு என்றால், அல்ட்ராசவுண்டிலேயே பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் கதிர் உடம்பில் தங்காது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் நிற்பதுபோல அதுவும் அங்கேயே நின்றுவிடும். கான்ட்ராஸ்ட் மருந்தும் கதிரியக்கப் பொருள் அல்ல. வீட்டில் குழந்தையைத் தூக்கலாம், கர்ப்பிணி மகள் பக்கத்தில் உட்காரலாம்.

3. கிரியேட்டினின் பாருங்கள், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

கான்ட்ராஸ்ட் மருந்து உடம்பைவிட்டு வெளியேறுவது சிறுநீர் வழியாக. சிறுநீரகம் நன்றாக இருந்தால் சுமார் 2 மணி நேரத்தில் பாதி போய்விடும், ஒரு நாளில் ஏறக்குறைய முழுதும் போய்விடும். அதனால்தான் முதல் கேள்வியே கிரியேட்டினின்.

பலர் தடுமாறுவது இங்கேதான். கிரியேட்டினின் 1.5 என்று வந்தால் ஒருவர் "கொஞ்சம்தான் கூட" என்று விட்டுவிடுவார், இன்னொருவர் பயந்து ஸ்கேனையே ரத்து செய்வார். அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் 'இஜிஎஃப்ஆர்'தான் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும். 25 வயது இளைஞருக்குக் கிரியேட்டினின் 1.5 என்றால் இஜிஎஃப்ஆர் சுமார் 66 வரும். 65 வயது அம்மாவுக்கு அதே 1.5 என்றால் சுமார் 38தான் வரும். லேப் ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் இல்லாவிட்டால் கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கையில் ஊசி போட்டு எடுக்கும் சிடிக்கு, இஜிஎஃப்ஆர் 30க்கு மேல் நிலையாக இருந்தால் பொதுவாகத் தயங்க வேண்டியதில்லை. 30க்குக் கீழே போனாலோ, சில நாட்களுக்குள் கிரியேட்டினின் வேகமாக ஏறிக்கொண்டிருந்தாலோ, ஸ்கேன் எழுதிய டாக்டரும் ரேடியாலஜிஸ்ட்டும் (ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) பேசி முடிவெடுக்க வேண்டும். ஊசி இல்லாமல் பார்க்க முடியுமா, அல்ட்ராசவுண்ட் போதுமா, ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால் முன்னும் பின்னும் சலைன் ஏற்றலாமா என்று யோசிப்பார்கள்.

"இந்த ஊசி போட்டா கிட்னி போயிடும்" என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. பழைய காலத்து மருந்துகள் அடர்த்தி அதிகமானவை, அவற்றால் தொல்லையும் அதிகம். இப்போது போடும் அயோஹெக்சால், அயோடிக்சனால் போன்றவை அப்படியல்ல. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வுகளில், கிரியேட்டினின் ஏறியதற்குப் பெரும்பாலும் அவர்களுக்கு இருந்த நோயே காரணம் என்று தெரிந்தது. அதற்காக 30க்குக் கீழே உள்ளவர்கள் அலட்சியமாக இருக்க முடியாது.

டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஊசி போடலாம். ஊசி போட்டதற்காகவே அவசரமாக ஒரு டயாலிசிஸ் தேவையில்லை, வழக்கமான நாளில் செய்தால் போதும். சிறுநீர் இன்னும் ஓரளவு வருகிறது என்றால் அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் சிறுநீரக வேலையைக் காப்பாற்ற வேண்டும்.

இந்தப் படியில் அடிக்கடி பார்க்கும் தவறுகள்: யூரியா மட்டும் பார்த்துவிட்டு வருவது, ஆறு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டைக் கொண்டுவருவது, பெயரும் தேதியும் வெட்டுப்பட்ட வாட்ஸ்அப் படத்தைக் காட்டுவது. எத்தனை நாளுக்குள் எடுத்த ரிப்போர்ட் வேண்டும் என்பது சென்டருக்குச் சென்டர் மாறும். நாள் குறிக்கும்போதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்

பெயர் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை, அட்டை வேண்டும். முக்கியமாகத் தேடுவது சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின். இந்த மருந்து சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் ஏதாவது காரணத்தால் சிறுநீரகம் மந்தமானால் மெட்ஃபார்மின் வெளியேற வழியின்றி உடம்பில் சேரும், ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். அதைத் தவிர்க்கத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள்.

இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ் என்றால் ஸ்கேன் நேரத்திலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, கிரியேட்டினின் மறுபடி பார்த்த பிறகே தொடங்க வேண்டும். 30க்கும் 60க்கும் இடையில் இருந்தால் சில டாக்டர்கள் நிறுத்தச் சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். இதய பலவீனம், ஈரல் நோய், குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்வது வழக்கம். உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை.

"நான் மெட்ஃபார்மின் எல்லாம் சாப்பிடறதில்லை" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கிளைகோமெட் ஜிபி, ஜானுமெட் என்று இருக்கும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த அந்த மாத்திரைகளில் மெட்ஃபார்மின் ஒளிந்திருக்கிறது. அட்டை வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஸ்கேன் என்றதும் பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வருவார்கள். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கும். பிரஷர் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்குத் தினமும் போடும் வலி மாத்திரையை மட்டும் அந்த இரண்டு மூன்று நாளுக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள், அது சிறுநீரகத்துக்குச் சுமை.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசியிலுள்ள அயோடின் அதைத் தூண்டிவிடலாம். தைராய்டு புற்றுக்கு ரேடியோ அயோடின் சிகிச்சை எடுக்கப் போகிறவர்களும் சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்ட் போட்டபின் சில வாரங்களுக்குத் தைராய்டு அந்த மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்ளாது, சிகிச்சை தள்ளிப்போகும்.

5. அலர்ஜி விஷயத்தை முழுதாகச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். சொன்னால் ஸ்கேன் எடுக்காமல் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறையப் பேர். கவுண்ட்டரில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அம்மா, உங்களுக்கு அலர்ஜி ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைப்பா."

பக்கத்தில் நிற்கும் மகன்: "ஏம்மா, போன தடவை ஊசி போட்டப்போ உடம்பெல்லாம் தடிச்சுதே?"

"அது சூட்டுக் கொப்புளம்டா."

அந்தத் தடிப்புதான் நாங்கள் தேடுவது. முன்பு இதே வகை ஊசிக்கு அலர்ஜி வந்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை. ஆஸ்துமா, வீசிங், வேறு மருந்துக்கோ உணவுக்கோ கடுமையான அலர்ஜி வந்த வரலாறு இவற்றையும் சொல்லுங்கள். இவை ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுமே தவிர ஊசியையே தடுத்துவிடாது.

போன தடவை என்ன ஆனது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். உடம்பு சூடானது, குமட்டியது, ஒரு தடவை வாந்தி வந்தது என்பது மருந்தின் இயல்பான விளைவு. அரிப்பு, தடிப்பு, உதடு முகம் வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் என்பவை அலர்ஜியின் அடையாளங்கள். "அலர்ஜி" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொன்னால், வாந்தி மட்டும் வந்தவருக்குத் தேவையில்லாத ஸ்டீராய்டு போகும், மூச்சுத் திணறியவரின் ஆபத்து தெரியாமல் போகும்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி ஆகாது என்று இன்னும் சொல்கிறார்கள். அது சரியல்ல. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. அயோடின் கலந்த பெட்டாடினைப் புண்ணுக்குத் தடவி அரித்தது என்பதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை.

"முதல்ல கொஞ்சமாப் போட்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று கேட்பதும் வழக்கம். சில இடங்களில் அப்படிச் செய்யவும் செய்கிறார்கள். அந்தச் சின்ன டோசில் ஒன்றும் ஆகாதவருக்கு முழு டோசில் அலர்ஜி வரலாம். அந்தச் சின்ன டோசிலேயே கடுமையான அலர்ஜியும் வரலாம். அதை நம்பித் தைரியம் கொள்ள முடியாது என்பதால் சர்வதேச வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

முன்பு அலர்ஜி வந்தவருக்கு ஊசி அவசியம் என்றால் இரண்டு வழி. அப்போது போட்டதை விட்டுவிட்டு வேறு கான்ட்ராஸ்ட் மருந்தைப் போடுவது ஒன்று. அதற்குப் பழைய மருந்தின் பெயர் தெரிய வேண்டும். முன்மருந்து கொடுப்பது மற்றொன்று. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க முறையில் ஸ்கேனுக்கு 13 மணி, 7 மணி, 1 மணி நேரத்துக்கு முன் என மூன்று முறை ஸ்டீராய்டு மாத்திரையும், கடைசி மணி நேரத்தில் அலர்ஜி மருந்தும் கொடுப்பார்கள். அளவை டாக்டர்தான் எழுத வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

நேரக் கணக்கில்தான் தவறு நடக்கிறது. காலை 10 மணிக்கு ஸ்கேன் என்றால் இரவு 9, விடியற்காலை 3, காலை 9 என்று விழும். 3 மணிக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. காலையில் மூன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு வருவார்கள். ஸ்டீராய்டு வேலை செய்யப் பல மணி நேரம் வேண்டும், கடைசி நேரத்தில் போட்டால் பலன் இல்லை. பகல் 12 மணிக்கு நேரம் கேளுங்கள்: இரவு 11, காலை 5, காலை 11. சுகர் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ஓரிரு நாள் சுகர் ஏறும், அதற்குத் தயாராக இருங்கள்.

கடுமையான அலர்ஜி எவ்வளவு அபூர்வம் என்பதற்கு 1990-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று உண்டு. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்ததில், பழைய வகை மருந்தில் 10,000 பேருக்கு 22 பேரும், இப்போது புழக்கத்தில் உள்ள வகையில் 10,000 பேருக்கு 4 பேரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

6. கர்ப்பம், தாய்ப்பால்

நாள் தள்ளிப்போயிருந்தால், சந்தேகம் இருந்தாலே, சொல்லிவிடுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று தயங்கினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். பெண் ஊழியரைக் கேட்டும் சொல்லலாம். கர்ப்பம் என்றாலும் உயிருக்கு அவசியம் என்றால் எடுப்பார்கள், ஆனால் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் ஒரு நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. தாய்க்குப் போடும் அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாலில் வருகிறது. அதிலும் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே குழந்தையின் குடல் உறிஞ்சும். வழக்கம்போலப் பால் கொடுக்கலாம்.

7. முந்தைய நாளும் அன்று காலையும்

முந்தைய நாள் தண்ணீரை நன்றாகக் குடியுங்கள். இதய பலவீனத்துக்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவை மீற வேண்டாம்.

வெறும் வயிறு என்பதைப் பலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்போதைய மருந்துக்குப் பட்டினியே தேவையில்லை என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனாலும் நம் ஊர் சென்டர்கள் பெரும்பாலும் 4 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கின்றன. அப்படிச் சொன்னால் பின்பற்றுங்கள், ஆனால் தண்ணீர் குடிக்கலாமா என்று கேளுங்கள். நாக்கு வறண்டு வந்தால் நரம்பு கிடைக்காது, சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

இன்சுலின் போடுபவர்கள் இங்கே கவனம். காலை ஊசியை வழக்கம்போலப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்து பதினொரு மணிவரை வரிசையில் உட்கார்ந்தால் சுகர் இறங்கி மயக்கம் வரும். காலையிலேயே முதல் ஆளாக எடுக்கச் சொல்லுங்கள். இன்சுலினை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

நகை விஷயத்தில் காதும் கழுத்தும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பது இரண்டு: தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்கு, இடுப்பில் கிடக்கும் வெள்ளி அரைஞாண் கொடி. வயிற்று சிடியில் அந்தக் கொடி ஒரு பட்டையாகக் கோடு கோடாக விழுந்து, சரியாக அந்த இடத்திலுள்ள குடலையும் எலும்பையும் மறைத்துவிடும். கழற்ற முடியாத கொடி என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், ஸ்கேன் எடுக்கும் பகுதிக்கு வெளியே நகர்த்தப் பார்க்கலாம். தாலியைக் கழற்ற மனமில்லாவிட்டால் வயிற்று ஸ்கேனுக்கு அதை மேலே தள்ளி வைத்தாலே போதும், நெஞ்சு ஸ்கேனுக்குத்தான் கழற்ற வேண்டியிருக்கும். மஞ்சள் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதில் உலோகம் இல்லையென்றால் பிரச்சினையில்லை.

துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் உங்கள் மருத்துவ விவரம் தெரிந்தவராக இருப்பது நல்லது.

8. சென்டரில், ஊசிக்கு முன்

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதிலுள்ள கேள்விகளுக்கு வரிசையாக 'இல்லை' போட்டுக் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். கூடவே இரண்டு கேள்வி நீங்கள் கேட்கலாம்: ஊசி போடும்போது டாக்டர் இருப்பாரா, அட்ரினலின் ஊசியும் ஆக்சிஜனும் அறையில் தயாராக இருக்கிறதா? கேட்பதில் தப்பே இல்லை. அலர்ஜி தீவிரமானால் உயிர் காப்பது அட்ரினலின்தான்.

வயிற்று ஸ்கேனுக்குச் சில சமயம் மருந்து கலந்த தண்ணீர் சுமார் ஒரு லிட்டர் குடிக்கக் கொடுப்பார்கள். அதை ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால்தான் குடல் நெடுகப் பரவும். மொத்தமாகக் குடித்தால் வயிற்றிலேயே நிற்கும், குமட்டும், காத்திருப்பும் கூடும்.

பிறகு வென்ஃப்ளான் போடுவார்கள், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய். பெரும்பாலும் பிங்க் நிற 20 கேஜ், ஆஞ்சியோவுக்கு (ரத்தக்குழாய் ஸ்கேன்) சிலசமயம் பச்சை நிற 18 கேஜ். கேஜ் எண் குறையக் குறையக் குழாய் பெரிது. வார்டில் புறங்கையில் போட்ட மஞ்சள் வென்ஃப்ளானோடு வந்து "இதுலயே போட்டுடுங்க" என்று கேட்பார்கள். எந்திரம் ஒரு விநாடிக்கு 3 மில்லி, ஆஞ்சியோவுக்கு 5 மில்லி என்ற வேகத்தில் மருந்தைத் தள்ளும். அந்த மெல்லிய குழாயும் சின்ன நரம்பும் அதைத் தாங்காமல் மருந்து தசைக்குள் கசியும். இன்னொரு குத்து வாங்குவது கஷ்டம்தான், ஆனால் முழங்கை மடிப்பு நரம்பே பாதுகாப்பு.

டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கையைக் கொடுக்காதீர்கள். மார்பகப் புற்றுக்கு அக்குள் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

9. டேபிளில் படுத்தபின்

மூச்சுப் பிடிக்கும் பயிற்சியை ஊசிக்கு முன்பே ஒருமுறை செய்து பாருங்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஸ்பீக்கரில் குரல் வரும். சில விநாடிதான். காது கேட்காத பெரியவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கையால் சைகை காட்டி எடுப்போம். நடுவில் மூச்சு விட்டால் ஈரலும் நுரையீரல் அடிப்பகுதியும் மங்கலாகிவிடும், அதை மறுபடி எடுத்தால் கதிர்வீச்சும் கூடும்.

மருந்து ஏறும்போது தொண்டையில் தொடங்கி வயிறு, தொடைவரை வெந்நீர் ஊற்றியதுபோலச் சூடு இறங்கும். வாயில் இரும்பு கசப்பு வரும். சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும், ஆனால் போயிருக்காது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதை முன்பே சொல்லாவிட்டால் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்தால் அந்த ஸ்கேன் வீண்.

அசையாமல் இருங்கள் என்று சொன்னதற்காக இரண்டு விஷயத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்று வலித்து வீங்கினால் மருந்து வெளியே கசிகிறது. தொண்டை அடைத்தாலோ மூச்சு முட்டினாலோ அது அலர்ஜி. சத்தமாகக் கத்துங்கள். மைக் எப்போதும் திறந்திருக்கும், எந்திரத்தை அந்த நொடியே நிறுத்துவோம்.

கசிந்துவிட்டால் கையை உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீக்கம் வடிந்துவிடும். வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, தோலில் கொப்புளம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

10. முடிந்தபின் அரை மணி நேரம்

"முடிஞ்சுதா? ஊசியைக் கழட்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் பேச்சு. வென்ஃப்ளானைக் கழற்றாமல் அரை மணி நேரம் உட்கார வைப்பதற்குக் காரணம் உண்டு. கடுமையான அலர்ஜிகள் பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் நரம்பு சுருங்கிவிடும், அப்போது புதிதாக ஊசி போட இடம் தேடுவது கஷ்டம். கையில் தயாராக ஒரு வழி இருக்கட்டும்.

இந்த நேரத்தில் தனியாகக் கழிவறைக்குப் போக வேண்டாம். துணைக்கு வந்தவர் கதவுக்கு வெளியே நிற்கட்டும். தும்மல் அடுக்கடுக்காக வருவது, உள்ளங்கை அரிப்பது, குரல் கம்முவது எல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். இவை தொடக்கமாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

11. வீட்டில்

அன்று தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குடியுங்கள். வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம்.

ஒரு வாரம்வரை தாமதமாகத் தோலில் சிவப்புத் தடிப்பு வரலாம். பெரும்பாலும் மாத்திரையில் சரியாகிவிடும். ஆனால் வாய்ப்புண், தோல் உரிதல், காய்ச்சல் சேர்ந்து வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் வழக்கத்தைவிட மிகவும் குறைந்தாலும் அப்படியே.

மெட்ஃபார்மின் நிறுத்தியவர்கள் 48 மணி நேரம் ஆனதும் தாங்களாகவே தொடங்கிவிடுகிறார்கள். கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்த ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். மாத்திரையை மறந்து வாரக்கணக்கில் விட்டுவிட்டு சுகர் 400-ல் வருபவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாளில் இதய ஆஞ்சியோகிராம் போல இன்னொரு கான்ட்ராஸ்ட் பரிசோதனை குறித்திருந்தால், இப்போது ஊசி போட்டதை அங்கே சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே 48 மணி நேர இடைவெளி வைப்பார்கள்.

12. சென்டரிலிருந்து கிளம்பும் முன் வாங்க வேண்டிய ஒரு துண்டுச் சீட்டு

ரிப்போர்ட்டும் பிலிமும் எல்லோரும் வாங்குவார்கள். போட்ட மருந்தின் பெயர், எத்தனை மில்லி, தேதி, ஏதாவது ஆனதா என்ற நான்கையும் எழுதி வாங்குபவர்கள் மிகக் குறைவு. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் 'கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது' என்று மட்டும்தான் இருக்கும்.

தேதியோடு இப்படி இருந்தால் போதும்: "அயோஹெக்சால் 350, 80 மில்லி. ஊசி போட்ட 5 நிமிடத்தில் கழுத்திலும் நெஞ்சிலும் தடிப்பு. மூச்சுத்திணறல் இல்லை. அலர்ஜி ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் சரியானது." இந்த நான்கு வரி இருந்தால் அடுத்த தடவை எந்த மருந்தை மாற்றுவது, ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா என்று எந்த ஊர் டாக்டரும் முடிவெடுத்துவிடலாம். ஒன்றும் ஆகவில்லை என்றாலும் "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதி வாங்குங்கள். போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிட்டு, சீட்டைக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வையுங்கள்.